பெரிய கிற்றாரும் கெட்டிக்காரக் கையும்

நான் விற்ற முதலாவது கிற்றார் ஆறு கிழமையில் ஒரு பழைய படுக்கை விரிப்பில் சுற்றியபடி கடைக்குத் திரும்பி வந்தது. வாத்தியக் கடை வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளைக்கு முதல் கிற்றாராக எதைக் காட்டலாம் என்று போன கிழமை உங்களில் ஒருவர் கேட்டீர்கள். எந்த மரம், எந்தக் கம்பி, எந்த நாட்டுச் செய்கை என்பதெல்லாம் கம்பனிக்காரர் அனுப்பும் பட்டியலில் இருக்கிறது. வாசித்துக்கொள்ளலாம். பட்டியலில் இல்லாத ஒன்றை நான் பிழை விட்டுத்தான் படித்தேன்.

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. யுத்தமும் நடந்துகொண்டிருந்தது. கொழும்புக் கோட்டையில் இருந்த அந்தக் கடையில் சேரும்போது எனக்குப் பத்தொன்பது வயது. கொட்டாஞ்சேனையில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு ஓர்கன் வாசித்தேன் என்பதுதான் என் தகுதி. பாட்டுத் தாள் வாங்க வருகிறவர்களுக்கு அதைப் பியானோவில் வாசித்துக் காட்டுவது என் வேலை. ஒரு வருஷம் போனபிறகு, கிற்றார் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் படையில் சேர்ந்து போய்விட்டார். மனேஜர் துரை என்னைக் கூப்பிட்டு, "இனி அதையும் நீயே பார்" என்றார். எனக்குக் கிற்றாரில் கம்பிகளை அமத்திப் பிடிக்கும் பிடிகள் மூன்றே மூன்றுதான் தெரியும். அந்த மூன்றையும் மாற்றி மாற்றி மீட்டி, ஏதோ நிறையத் தெரிந்தவள் போலக் காட்டிக்கொள்ளவும் தெரியும். விற்பனைக்கு அது போதும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் நல்லதம்பி. யாழ்ப்பாணத்தவர், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டை, கோட்டு, கையில் மடித்த குடை. மகள் ஈஸ்வரிக்குப் பத்து வயது இருக்கும். இரட்டைப் பின்னல். அப்பாவின் குடைக்குப் பின்னாலே நின்றாள்.

"பிள்ளைக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து மூண்டு மாசம் படுக்கையிலை கிடந்தவ," என்றார் நல்லதம்பி. "பக்கத்து வீட்டிலை ஒரு பறங்கி அம்மா கிற்றார் வாசிக்கிறவ. படுத்துக்கிடந்தபடியே மதிலுக்கு அங்காலை கேட்டுக் கேட்டு, எழும்பின உடனை தனக்கும் அதுதான் வேணுமெண்டு நிக்கிறா. அந்த அம்மா சொல்லிக் குடுக்கிறன் எண்டு சொன்னவ. நான் வயலின் எண்டுதான் நினைச்சிருந்தனான். சரி, உயிரோடை எழும்பின பிள்ளை, கேட்டதை வாங்கிக் குடுப்பம்."

கண்ணாடி அலுமாரியில் ஒரு பெரிய கிற்றார் மாதக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. செம்மஞ்சள் நிறம், ஓரமெல்லாம் வெள்ளைக் கரை, உருக்குக் கம்பிகள். அதன் சத்தம் கடை முழுக்க நிறையும். அதை எப்போது விற்கப் போகிறாய் என்று துரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்பார். நல்லதம்பியின் கண் அதில்தான் போய் நின்றது. நான் இறக்கி என் மூன்று பிடிகளையும் மீட்டிக் காட்டினேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது.

"இது கொஞ்சம் பெருசாயிருக்காதோ பிள்ளைக்கு?" என்று அவரே கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்டார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த இடத்தில் நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

"வளர்ற பிள்ளைதானே ஐயா," என்றேன்.

"அதுவும் சரிதான். சட்டையும் அப்பிடித்தான் தைக்கிறனாங்கள், ரெண்டு வருஷத்துக்குக் காணட்டும் எண்டு."

நான் ஈஸ்வரியிடம் குனிந்து, "பிடிச்சிருக்கா மகள்?" என்று கேட்டேன். அவள் கிற்றாரைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். அவளை ஒரு கதிரையில் இருத்தி அதை மடியில் வைத்துப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அன்று துரை என்னைப் பாராட்டினார். வீட்டுக்குப் போகும்போது ட்ராமில் சிரித்த முகத்தோடு இருந்தது எனக்கு இன்னும் ஞாபகம்.

ஆறு கிழமை கழித்து, இன்னொரு சனிக்கிழமை. கடையில் நல்ல சனம். கடற்படைக்காரர் இருவர் ஊதுகுழல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாடசாலைக் கன்னியாஸ்திரி பியானோப் பக்கத்தில் நின்றார். நல்லதம்பி உள்ளே வந்து, விரிப்பில் சுற்றிய கிற்றாரை மேசைமேல் வைத்தார். அவருக்குப் பின்னால் ஈஸ்வரி.

"இதைத் திருப்பி எடுங்கோ, மிஸ்."

"ஏதாவது பழுதா ஐயா?"

"கிற்றார் பழுதில்லை. பிள்ளைதான் பழுது."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் கடற்படைக்காரர் தவிர, தமிழ் விளங்கிய எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஈஸ்வரி அசையவில்லை. தன் இடது கையை மட்டும் மெதுவாகப் பின்னால் கொண்டுபோய்ப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்தாள். அந்த அசைவு என் கண்ணில் பட்டது.

"நாலு நாள் வாசிச்சா. பிறகு கட்டிலுக்குக் கீழை தள்ளிப்போட்டா," என்று நல்லதம்பி சொல்லிக்கொண்டே போனார். "அந்தப் பறங்கி அம்மா வந்து பாத்தா, கிற்றாரைத் தலைமாறிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாவாம். இவவுக்கு இடக்கைப் பழக்கம், மிஸ். சோறும் அந்தக் கையாலைதான் போகும், பென்சிலும் அந்தக் கையாலைதான். பள்ளிக்கூடத்திலை அடிச்சும் பாத்தாச்சு, வீட்டிலை துணியாலை கட்டியும் பாத்தாச்சு. இதிலையாவது ஒழுங்காயிருப்பா எண்டு நினைச்சன். போதும்."

எங்கள் கடையில் ஒரு சட்டம் இருந்தது. விற்ற வாத்தியம் திரும்பாது. நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் அதைத் தூக்கிக்கொண்டு போவார், கிற்றார் மறுபடி கட்டிலுக்குக் கீழே போகும், அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கத் தான் பழுது என்று நம்பிக்கொண்டிருக்கும். யோசிக்க நேரம் இருக்கவில்லை. துரை மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"ஐயா, பிழை பிள்ளையில இல்ல. நான் காட்டின கிற்றார்தான் பிழை," என்றேன். "ஒரு கிழமை தாங்க. வாற சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்க. வேற ஒண்டு வச்சிருப்பன்."

நல்லதம்பி குடையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். சண்டை பிடிக்க வந்த மனிதருக்கு எதிரே நிற்பவள் பிழையை ஒப்புக்கொண்டால் என்ன செய்வதென்று தெரியாது. "ஒரு கிழமை," என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர்கள் வாசலைத் தாண்டினதும் துரை என்னை உள்ளே கூப்பிட்டார். "மாற்றித் தருவதாகச் சொல்ல உனக்கு யார் அதிகாரம் தந்தது?"

"ஒருவரும் தரவில்லை, சேர்."

"யுத்தம் முடியும் வரைக்கும் கப்பலில் புதுச் சரக்கு வராது. இருப்பதை எண்ணி எண்ணி விற்கிறோம். அடுத்த சனிக்கிழமையும் அந்தப் பிள்ளை வாசிக்காவிட்டால் நீ பாட்டுத் தாள் பக்கத்துக்கே திரும்பிப் போகலாம். அதுவும் என் மனநிலையைப் பொறுத்தது."

இவ்வளவு பேச்சு வாங்கியும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நோயைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். இடக்கைப் பிள்ளைக்கு வலக்கைக் கிற்றார் கொடுத்தால் எப்படி வாசிக்கும்? கம்பிகளைத் தலைகீழாக மாற்றிக் கட்டிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். எவ்வளவு இலகு!

கடையின் பின்பக்கம் திருத்து வேலை அறை. அங்கே வேலை பார்த்த மனிதரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் மனிதர். அவர் கையால் திருத்தப்படாத வயலின் அந்தக் காலத்துக் கொழும்பில் குறைவு. அவருடைய அறையில் ஒரு சின்னக் கிற்றார் கிடந்தது. பெரியதில் முக்கால் பங்கு அளவு, நரம்புத் தந்தி பூட்டியது, முதுகில் ஒட்டுப்போட்ட வெடிப்பு. வெடிப்பு இருந்ததால் துரை அதை முன்பக்கம் வைக்க விடவில்லை. அதைத் தலைமாற்றிக் கட்டித் தரும்படி கேட்டேன்.

நானா கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் புள்ள வாயால சென்னதா மிஸ், இல்லாட்டி நீங்க நெனச்சிக்கிட்டதா?"

"அவங்க அப்பாவே சொன்னாரே நானா. நானும் கண்ணால பாத்தன்."

"வாப்பா சென்னாரு. நீங்க பாத்தீங்க. புள்ள ஒண்டும் செல்லல்ல."

"பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். தந்திகளைக் கழற்றினார். கழுத்து நுனியில் அவை உட்காரும் எலும்புத் துண்டைப் பெயர்த்துவிட்டு, மாற்றுப் பக்கமாகப் பள்ளம் வெட்டிய புதியதொன்றைப் பொருத்தினார். தந்திகள் பலகையிலிருந்து உயரமாக நின்றதால் அடிப்பக்கத் தாங்கியையும் அராவி அராவி இறக்கினார். அது நான் கேட்காத வேலை. ஏன் என்று கேட்டதற்கு, "சின்ன வெரல்," என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. நல்லதம்பியும் வந்தார். நான் பெருமையோடு சின்னக் கிற்றாரை எடுத்து, "இது இடக்கைக்காரருக்கெண்டே கட்டினது, ஐயா," என்றேன்.

அவருடைய முகம் இறுகியது. "இடக்கையாலை மீட்டுறதுக்கோ? நாளைக்கு நாலு பேர் இருக்கிற இடத்திலை வாசிக்கேக்கை சனம் என்ன கதைக்கும்? நான் அந்தப் பழக்கத்தை விடுவிக்கப் பாடுபடுறன். நீங்கள் அதுக்கு வாத்தியம் கட்டிக் குடுக்கிறீங்களோ?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்து ஈஸ்வரியிடம் கிற்றாரைக் கொடுத்தேன். அவள் வாங்கினாள். வலது கையால் கழுத்தைப் பிடித்து இடது கையால் தந்தியைத் தட்டினாள். ஒரு சத்தம் வந்தது. இன்னொரு தரம் தட்டினாள். வலது கை விரல்கள் எங்கே போவதென்று தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. நிறுத்திவிட்டாள்.

"பிடிச்சிருக்கா மகள்?"

அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

 இதே தலையாட்டல்தான் முதல் நாளும். பெரிய கிற்றாருக்கும் ஓம், சின்னதுக்கும் ஓம். இப்போது நான் ஒரு யானையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் இந்தப் பிள்ளை ஓம் என்றுதான் தலையாட்டும். அவளைச் சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும், அப்பா, பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டு அம்மா, நான், ஆளுக்கொரு முடிவோடு நின்றோம். அவளுக்கு மிச்சமிருந்தது தலையாட்டுவது ஒன்றுதான்.

துரை மணிக்கூட்டைப் பார்த்தார். நல்லதம்பி குடையைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஐயா, பத்து நிமிஷம் இதில இருங்க. பிள்ளையை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போறன்," என்றேன். அவர் ஓமென்று சொல்ல முன்னரே ஈஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு நானாவின் அறைக்குப் போனேன்.

அவளை ஒரு முக்காலியில் இருத்தினேன். நான் எதிரே ஒரு மரப்பெட்டியில் இருந்தேன். நானா முதுகைக் காட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார். பிடிச்சிருக்கா என்ற கேள்வியை நான் மறுபடி கேட்கவில்லை. தலையாட்டிப் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

"அந்தப் பெரிய கிற்றாரை வாசிக்கேக்க உங்களுக்கு எங்க நோகும்?"

அவள் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டி விரல் நுனிகளைக் காட்டினாள். உருக்குக் கம்பி வெட்டி ஆறிப்போன தழும்புகள். "இஞ்சை." பிறகு வலது தோளைத் தொட்டாள். "இஞ்சையும். கையைப் போட எட்டேல்லை. வயிறு பெரிசு அதுக்கு."

நானாவின் முதுகு குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று விளங்கியது.

"அதுதான் தலைமாறிப் பிடிச்சீங்களா?"

"ஓம். அப்பிடியெண்டாலும் எட்டுமோ எண்டு பாத்தனான். அப்பிடியும் எட்டேல்லை."

"அப்ப இது? இந்தச் சின்னது?"

"இது எட்டுது." குரல் இறங்கியது. "ஆனா..."

"சொல்லுங்க மகள். ஒருத்தரும் ஏச மாட்டாங்க."

அவள் இடது கையை உயர்த்தி அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இந்தக் கைதான் கெட்டிக்காரக் கை, மிஸ். அமத்திப் பிடிக்கிறதுதான் கஷ்டமான வேலை. அதை இந்தக் கைக்குத்தான் குடுக்க வேணும். மற்றக் கை சும்மா தட்டுறதுதானே."

 கிற்றாரில் எல்லோருக்கும் இடது கைதான் கழுத்தில் ஓடி விரல் வேலை செய்கிறது. தினம் தினம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவில்லை. சில இடக்கைக்காரருக்கு மாற்றிக் கட்டினால்தான் வரும். அதையும் பின்னாளில் கண்டிருக்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளைக்கு வேண்டியது அதுவல்ல. அவள் அதை நான்கு நாள் வாசிப்பிலேயே கண்டுபிடித்து, யாரும் கேட்காததால் தனக்குள்ளே வைத்திருந்தாள்.

நானா திரும்பி வந்து அவள் மடியிலிருந்த கிற்றாரைத் தூக்கினார். மேசை லாச்சியைத் திறந்து, பழைய எலும்புத் துண்டை எடுத்தார். அதை அவர் எறிந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் பழையபடி பூட்டத் தொடங்கினார். பத்து நிமிஷம் அரை மணித்தியாலமாக ஓடியது. நான் இரண்டு தரம் வெளியே போய் நல்லதம்பியிடம் இன்னும் கொஞ்சம் இருக்கும்படி சொன்னேன். துரையின் முகத்தை ஒரு தரமும் பார்க்கவில்லை.

கட்டி முடிந்ததும் ஈஸ்வரி அதை வாங்கி மடியில் வைத்தாள். வலது கை உடம்பின்மேல் இலேசாக வந்து விழுந்தது. இடது கை கழுத்தில் ஏறியது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்தில் போய் இருந்தன. பக்கத்து வீட்டு அம்மா நான்கு நாளில் சொல்லிக் கொடுத்த ஒரேயொரு பிடி. தட்டினாள். சுத்தமான, வட்டமான சத்தம். அவளே பயந்துபோய்ச் சுற்றிப் பார்த்தாள். பிறகு இன்னொரு தரம். பிறகு நிறுத்தவே இல்லை.

சத்தம் கேட்டு நல்லதம்பி கதவடியில் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. நானா இன்னொரு கிற்றாரை எடுத்துத் தன் மடியில் வைத்து, "இங்க பாருங்க ஐயா, எனக்கு சோத்துக் கை வலதுதான். ஆனா வேல செய்யியது எது?" என்று கேட்டு நான்கைந்து பிடிகளை மாற்றி மாற்றிக் காட்டினார். நல்லதம்பி அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதிலை எல்லாருக்கும் இந்தக் கைதானோ?"

"எல்லாருக்கும்தான்."

நல்லதம்பி குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு மகளுக்கு முன்னால் குந்தினார். கஞ்சிக் காற்சட்டை மடிவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவளுடைய இடது கையை எடுத்து விரித்து விரல் நுனிகளைப் பார்த்தார். அந்தத் தழும்புகளை அவர் முதன்முதலில் பார்ப்பது அப்போதுதான் என்று முகத்திலிருந்தே தெரிந்தது.

"இவ்வளவு நொந்ததை ஏனம்மா அப்பாட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஆசையா வாங்கினது," என்றாள் ஈஸ்வரி.

அவர் அந்தக் கையை விடவில்லை. நான் முன்பக்கம் போய்விட்டேன்.

சின்னக் கிற்றார் அன்றே வெள்ளவத்தைக்குப் போனது. பெரியது கண்ணாடி அலுமாரிக்குத் திரும்பியது. ஒரு மாதத்துக்குள் உயரமான கடற்படைக்காரர் ஒருவர் வந்து, மடியில் வைத்துப் பார்த்து, வாங்கிக்கொண்டு போனார். நான் கேட்காமலே அவர் மடியில் வைத்துப் பார்த்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். துரை அன்று மாலை என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அடுத்த முறை என்னிடம் முதலில் கேள்." கேட்டால் விட்டிருப்பாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் உண்மை.

அதன்பிறகு ஒரு பிள்ளைக்காகக் கிற்றார் கேட்டு யார் வந்தாலும் முதலில் ஒரு கதிரையை இழுத்துப் போடப் பழகினேன். பிள்ளை அதில் இருக்க வேண்டும். கிற்றார் அதன் மடியில் இருக்க வேண்டும். தாய் தகப்பன் சற்று அந்தப் பக்கம் பாட்டுத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிடித்திருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டேன். எங்கே எட்டவில்லை, எங்கே நோகிறது, எந்தச் சத்தம் வேண்டும் என்று கேட்டேன். பதில் வர நேரம் எடுத்தால் காத்திருந்தேன். கடையில் பத்துப் பேர் நின்றாலும் காத்திருந்தேன். அந்த நேரத்தில் மேசையடியில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் அவசரப்பட்டுவிடுவீர்கள்.

அடுத்த வருஷம் ஒரு நாள் பின்னேரம் அப்பாவும் மகளும் மறுபடி வந்தார்கள். ஈஸ்வரி ஒரு சாண் வளர்ந்திருந்தாள். இந்த முறை நல்லதம்பிதான் பின்னால் நின்றார். அவள் நேரே மேசைக்கு வந்து, எட்டி முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்:

"மிஸ், மெல்லிய நரம்பு ஒண்டு தாங்கோ. வாசிச்சு வாசிச்சு அறுந்துபோச்சு."

நான் லாச்சியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் உறையைப் பிரித்து, நரம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது வேண்டாம். மொத்தமாயிருக்கு," என்றாள். "மற்றதைக் காட்டுங்கோ."